முப்பத்தேழு போரும் வறட்சி

கொஞ்சம் இந்தப் பக்கமா நகந்து உக்காருங்க அண்ணாச்சி, இன்னும் செத்த நேரத்துல வெயில் அங்கன வந்துரும். உங்க டோக்கன் நூத்தி எழுபதா? எனக்கு நூத்தி எழுபத்தொண்ணு. அப்பம் ரெண்டு மணிக்கு மேலதான். திங்கக்கிழமை மனு நாள்னாலே கலெக்டர் ஆபீஸ் இப்படித்தான்.

என் மனுவா? பட்டாவும் இல்ல, பென்சனும் இல்ல. என் வேலையைத் திருப்பித் தாங்கன்னு எழுதியிருக்கேன். வாசல்ல மரத்தடியில மனு எழுதிக் குடுக்காரே, அவர்கிட்டப் போகல. நானே என் கையால எழுதினேன். அவரு சும்மா வாங்கிப் படிச்சுப் பாத்துட்டு, "ஏம்மா, நான் தப்பு பண்ணினேன்னு மேல எழுதியிருக்க, வேலை குடுங்கன்னு கீழ எழுதியிருக்க, இது செல்லுமா"ன்னு கேக்காரு. ஏன் செல்லாது? செய்யாதவளா இருந்தா எழுதமாட்டேன். செஞ்சேன். எழுதினேன். அதுக்காக வீட்ல மூலையில போய் உக்காரணுமா? அது என்னால ஆகாது.

எனக்கு நொச்சிமடை. பேரு ஆவுடைத்தங்கம். பன்னெண்டு வரைக்கும் படிச்சவ. எங்க பக்கம் முழுக்கக் கரட்டுப் பூமி, ஒரு முழம் தோண்டினா பாறை. அஞ்சு வருசத்துக்கு முன்ன காலேஜ்லயிருந்து ஒரு கூட்டம் வந்துது. நம்ம மாவட்டத்துல நிலத்துக்கடியில எங்கன தண்ணி இருக்கு, எங்கன இல்லன்னு மேப்பு போடப் போறோம், ஊருக்கு ஊரு கெணறு, போர் அளக்க ஆள் வேணும்னாவ. பதினாலு ஊருக்கு என்னைப் போட்டாவ. இருநூத்திப் பன்னெண்டு கெணறு. ஒரு டேப்பு குடுத்தாவ. அதோட நுனி தண்ணியைத் தொட்டா மேல பெட்டி கீங்குன்னு சத்தம் போடும். எந்த இடத்துல நிக்கோம்னு காட்டுற கைக்கருவி ஒண்ணு. அதை ரெண்டையும் தோள்ல மாட்டிக்கிட்டு நடந்தேன் பாருங்க, செருப்பு மூணு ஜோடி தேஞ்சுது. ஒரு பாரத்துல ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. இதை நான் பெருமைக்குச் சொல்லல.

எங்களுக்கு மேல ஜெபசிங்னு ஒரு சார். முப்பத்தஞ்சு வயசிருக்கும். தொண்டை வத்தப் பேசுவாவ, கோவமே வராது. மேப்பு எப்படிப் போடுதீங்கன்னு கேட்டேன். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாவ. ஒரே ஊரை ஏழு தடவை வரைஞ்சு வச்சிருக்காவ அண்ணாச்சி. ஒண்ணுல பாறை. ஒண்ணுல நிலம் எந்தப் பக்கம் சரியுதுன்னு. ஒண்ணுல ஓடை, ஒண்ணுல மண்ணு, ஒண்ணுல பயிரு. இப்படி. ஒவ்வொண்ணுக்கும் மார்க்கு போட்டு, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிக் கூட்டுனா, எந்த இடத்துக்கு மார்க்கு கூட வருதோ அங்கன தண்ணி இருக்கணும். கூட வந்தா நீலம். குறைஞ்சா சிவப்பு. எல்லாம் மேல செயற்கைக்கோள்லயிருந்து எடுத்த படம். அதுல எங்க ஊரைக் காட்டி, "இந்தா பாருங்க, மலையிலயிருந்து ஒரு கோடு இறங்கி வருதுல்லா, அது பாறையில உள்ள வெடிப்பு. உங்க ஊரு வழியா, புதுக்காலனியை ஒட்டிப் போகுது. இதுல தண்ணி நிக்கும்"னாவ. நான் பாத்தேன். கோடு நேரா எங்க வயலுக்கு அடியில போகுது. எனக்குச் சிரிப்பு வந்துட்டுது. அந்த வயல்ல போர் போட்டு அப்பமே ஒம்பது வருசம். செயற்கைக்கோள் இப்பந்தான் பாக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன்.

ஆனா படம் மட்டும் போதாது. அது சரியா தப்பான்னு கீழ கெணத்துல டேப்பை விட்டுத்தான் முடிவு பண்ணணும். அதான் என் வேலை.

அந்த நேரத்துல ஊர்ல ஒரு பேச்சு கிளம்புச்சு. எவன் கிளப்பிவிட்டானோ. போர்ல தண்ணி இருக்குன்னு எழுதினா மோட்டாருக்கு மீட்டர் மாட்டிருவாவளாம், இலவசக் கரண்டை நிறுத்திருவாவளாம். வறட்சின்னு எழுதினா கவர்மெண்டே புது போர் போட்டுக் குடுக்குமாம். அவ்வளவுதான். மறுநாள் நான் டேப்பைத் தூக்கிட்டுப் போனா, ஊர்ல ஒருத்தன் போர்லயும் தண்ணி இல்ல. வாழைக்கு மோட்டார் ஓடிக்கிட்டிருக்கு, அந்தச் சத்தத்துக்கு மேல கத்திச் சொல்லுதான், "வறண்டுபோச்சு அக்கா, எழுதிக்கோ"ன்னு.

திறந்த கெணறுன்னா நான் எட்டிப் பாத்துருவேன். போர் அப்படி இல்லல்லா. மேல இரும்பு மூடி, நாலு போல்ட்டு. சொந்தக்காரன் கழட்டித் தந்தாத்தான் டேப்பு உள்ள போகும். கழட்டித் தரலன்னா 'அளக்க இயலவில்லை'ன்னு எழுதணும், அதுக்குப் பாரத்துல ஒரு கட்டம் இருக்கு. எனக்கு அந்தக் கட்டத்தைக் கண்டாலே பிடிக்காது. எங்க ஊர்ல மட்டும் முப்பத்தேழு போர், அத்தனைக்கும் 'அளக்க இயலவில்லை'ன்னு எழுதினா, இவ போகவே இல்லன்னுல்லா நினைப்பாவ? வெயில்ல போனவ நான். அதனால அவனவன் சொன்னதை எழுதினேன். அது அவன் சொன்ன பொய். என் பொய்யா?

சரி, முதல்ல எழுதினது எங்க வீட்டு போர்தான். மறைக்கல. எங்க வீட்டுக்காரவுகளுக்கு மூத்தவர் ஒருத்தர் இருக்காரு, சங்கிலிபூதத்தான்னு பேரு, நான் பெரியத்தான்னு கூப்பிடுவேன். வயலு ரெண்டு பேருக்கும் பொது. அவரு வரப்புல நின்னுக்கிட்டு, "ஆவுடை, நம்மதை முதல்ல எழுது. ஐநூத்தி நாப்பது அடி, வறட்சி"ன்னாரு. அவரு காலுக்குக் கீழ வாய்க்கால்ல தண்ணி ஓடுது. எழுதினேன். வீட்ல இருக்கணுமே அண்ணாச்சி, சோறு பொங்கணுமே. அதுலயும் ஒரு அடித்தல் கிடையாது. சுத்தமா எழுதினேன்.

ஒரு வருசம் கழிச்சு மேப்பு வந்துது. ஊராட்சி ஆபீஸ்ல ஒட்டினாவ. எங்க ஊரு ஒரே சிவப்பு, மொளகாய் காயப்போட்ட களம் மாதிரி. மலையிலயிருந்து நீலக்கோடு இறங்கி வருது, எங்க எல்லையில வந்து அந்து போகுது, அங்கிட்டு அடுத்த ஊர்ல மறுபடி கிளம்புது.

பெறகுதான் கூத்து. புது போர் போட்டுத் தருவாவன்னு எல்லாரும் காத்திருந்தா, சிவப்புல போர் போட அனுமதியே கிடையாதுன்னு சொல்லிட்டாவ. தண்ணி இல்லாத இடத்துல எதுக்குப் போர்னு கேக்காவ. பேங்குல கடனும் இல்லன்னுட்டாவ. வறட்சின்னு சொன்ன வாய் எல்லாம் இப்பம் என்னைப் பாத்து, "இவ எழுதினதாலதான்"னு சொல்லுது. பால் ஊத்துற இடத்துல எனக்கு வழிவிட மாட்டேங்கான். நான் நேராவே கேட்டேன், "ஏலே, உன் வாயில வந்ததைத்தானே எழுதினேன்"னு. "நாங்க ஆயிரம் சொல்லுவோம், படிச்சவ நீயில்லா பாத்து எழுதணும்"ங்கான். இந்த நியாயத்தை எங்க போய்ச் சொல்ல?

அதோட நின்னிருந்தா நான் இன்னைக்கு இங்கன உக்காந்திருக்க மாட்டேன். புதுக்காலனின்னு சொன்னேன்லா, எங்க வயலைத் தாண்டி அறுபது வீடு. அவங்களுக்குக் குடிதண்ணிக்குன்னு ஒரு போரும் மேல்நிலைத் தொட்டியும் போட ஏற்கெனவே உத்தரவு ஆயிருந்துது. மேப்பைப் பாத்துட்டு அதை ரத்து பண்ணிட்டாவ. தண்ணி வராத இடத்துல எதுக்குன்னு. அதுக்குப் பதிலா ரெண்டு நாளைக்கு ஒரு தடவை லாரித் தண்ணி. வீட்டுக்கு ஆறு குடம்.

எங்களுக்கும் காலனிக்காரங்களுக்கும் ஒரு சண்டையும் கிடையாது. நான் அதெல்லாம் பாக்குறவளே இல்ல. வயலுக்கு வேலைக்கு வந்தா தனி டம்ளர் எல்லாம் எங்க வீட்ல கிடையாது, அவங்களுக்குப் பேப்பர் கப்புதான், கேட்டா எத்தனை வேணும்னாலும் தாராளமா குடுப்போம். அங்கன பேச்சிக்கனின்னு ஒரு பிள்ளை, தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாக்கா, ரெண்டு பொம்பளப் பிள்ளைக. அவ ஒருநாள் வயலுக்குக் குடத்தைத் தூக்கிட்டு வந்தா. பெரியத்தான் மோட்டாரை நிறுத்திட்டுப் போயிட்டாரு. நான் மறுபடி போட்டு ரெண்டு குடம் பிடிச்சுக்கோன்னேன். நானாத்தான் போட்டேன், பாத்துக்கோங்க. அவ பிடிச்சா. குடத்தை இடுப்புல வச்சுக்கிட்டுக் கேக்கா:

"அக்கா, உங்க மோட்டார் சத்தம் எங்க தெரு வரைக்கும் கேக்கு. மேப்பு போட்டவங்க காதுல மட்டும் விழலையோ?"

எனக்குச் சுருக்குன்னு வந்துது. "அதெல்லாம் கம்ப்யூட்டர் போட்டது, எனக்கென்ன தெரியும்"னேன்.

"நீங்கதான அக்கா டேப்பைத் தூக்கிட்டு நடந்தீங்க."

"தண்ணி பிடிச்சாச்சுல்லா, கிளம்பு"ன்னேன்.

அவ மறுபடி வரல. வந்திருக்கலாம். நான் வராதன்னு சொல்லலையே.

சித்திரை மாசம் ஒருநாள் லாரி வந்தப்ப கூட்டத்துல இடிபட்டு அவ விழுந்துட்டா. குடத்தோட, கல்லு மேல. வலது கை ரெண்டா முறிஞ்சுது. தீப்பெட்டி ஆபீஸ்ல கை இல்லாம என்ன வேலை? நான் ஆஸ்பத்திரிக்குப் பாக்கப் போகல. போகணும்னுதான் இருந்தேன், அன்னைக்கு உளுந்து எடுப்பு.

அது நடந்து மூணாவது வாரம் ஊராட்சி ஆபீஸ்ல கூட்டம். காலனிக்காரங்க மனு குடுத்து, மேப்பு தப்புன்னு சொல்லியிருக்காவ. அதுக்கு விளக்கம் சொல்ல ஜெபசிங் சார் வந்திருந்தாவ. ஊரே வந்துட்டுது. பெரியத்தான் முன்னால நாற்காலியில. எங்க வீட்டுக்காரவுக அவருக்குப் பின்னால நிக்காவ, எப்பவும் அங்கதான் நிப்பாவ. நான் சன்னலை ஒட்டி, தோள்ல டேப்போட. பேச்சிக்கனி கையில மாவுக்கட்டோட எனக்கு எதிர்ச்சுவர்ல சாஞ்சு நிக்கா.

சார் மேப்பை விரிச்சு வச்சுப் பேசினாவ. "படத்துல பாத்தா இங்க தண்ணி இருக்கணும். சரிவு நல்லாயிருக்கு, ஓடை பக்கத்துல, வெடிப்புக்கோடு நேரா வருது. முதல்ல நான் இந்த இடத்தை நீலமாத்தான் போட்டிருந்தேன். பெறகு கெணத்துக் கணக்கு வந்துது. முப்பத்தேழு போரும் வறட்சி. வெடிப்புல மண்ணு அடைச்சிருக்கும்னு நெனச்சு மார்க்கைக் குறைச்சேன்."

காலனியில ஒரு பெரியவர் எந்திரிச்சு, "கணக்கு பொய்யா இருந்தா?"ன்னு கேட்டாரு.

சார் யோசிக்கவே இல்ல அண்ணாச்சி. "ஐயா, செயற்கைக்கோள் ஐநூறு மைலுக்கு மேல நின்னு பாக்குது. ஆவுடைத்தங்கம் ஒவ்வொரு போர்ப் பக்கத்துலயும் போய் நின்னு பாத்திருக்காங்க. நான் அவங்களைத்தான் நம்புவேன்"னாவ.

என்னை யாராவது திட்டியிருந்தா நான் பதிலுக்குத் திட்டியிருப்பேன். எனக்கு அது வரும். இந்த மனுசன் இத்தனை பேருக்கு நடுவுல நம்புதேன்னு சொல்லிட்டாவ. நான் பேச்சிக்கனியைப் பாத்தேன். அவ என்னைப் பாக்கவே இல்ல. தரையைப் பாத்துக்கிட்டு நிக்கா. எனக்கு என்னமோ பொறுக்கல.

"சார், எங்க வீட்டு போர் வறட்சி இல்ல. பொய் எழுதினேன்"னேன்.

பெரியத்தான் நாற்காலியைத் தள்ளிட்டு எந்திரிச்சாரு. "ஏட்டி! கிறுக்குப் பிடிச்சிருக்கா உனக்கு?"

"பிடிக்கல பெரியத்தான். வாங்க, எல்லாரும் வாங்க. மூடியைக் கழட்டுதேன், டேப்பை விட்டுக் காட்டுதேன்"னு சொல்லிட்டு வெளிய இறங்கி நடந்துட்டேன். உச்சி வெயில். பின்னால யாரும் வருதாவளான்னு திரும்பிப் பாக்கல. வயலுக்குப் போய்த் திரும்பினா ஊரும் நிக்கு, காலனியும் நிக்கு. மோட்டார் அப்பவும் ஓடுது. அந்த வெட்கங்கெட்ட மோட்டாரை நான்தான் நிறுத்தினேன்.

நிறுத்தின உடனே அளக்கக் கூடாது. உள்ள தண்ணி ஏறி நிலைக்கணும், அரைமணி நேரம் ஆகும். "அரைமணி காத்திருக்கணும், அதுதான் முறை"ன்னேன். பெரியத்தான் கத்துனாரு. வயலைக் கூறுபோடுவேன், தம்பியை வெளிய தள்ளுவேன், இவ இனி என் வாசப்படி ஏறக்கூடாது... அரைமணி நேரமும் கத்துனாரு. நான் கைக்கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு நின்னேன். நூத்தம்பது பேர் வெயில்ல நிக்காவ, ஒருத்தரும் போகல.

நேரம் ஆச்சு. ஸ்பேனரை எடுத்து போல்ட்டுல போட்டா அசையமாட்டேங்கு. பன்னெண்டு வருசத்துத் துரு. நான் தொங்கிப் பாக்கேன், காலை ஊணி இழுக்கேன், ம்ஹூம். "பாத்தியளா, கடவுளே வேண்டாங்காரு"ன்னு எவனோ சிரிக்கான். அப்பம் எங்க வீட்டுக்காரவுக, குருவையான்னு பேரு, அண்ணன் பின்னாலயிருந்து வந்தாவ. ஸ்பேனரை என் கையிலயிருந்து வாங்கினாவ. நாலு போல்ட்டையும் கழட்டினாவ. மூடியைத் தூக்கிக் கீழ வச்சுட்டு ஒதுங்கி நின்னுக்கிட்டாவ. அண்ணனைப் பாக்கல. இருவத்திரண்டு வருசத்துல எனக்காக அவுக செஞ்ச ஒரே காரியம் அதுதான். அதை அன்னைக்கே அவுககிட்டச் சொல்லவும் செஞ்சேன்.

டேப்பை விட்டேன். அம்பது அடி. எழுபது. எண்பது. தொண்ணூத்தி நாலுல கீங்குன்னுச்சு.

அந்தச் சத்தம் பொடிசுதான். எல்லாருக்கும் கேட்டுது.

நான் சாரைப் பாத்து, "தொண்ணூத்தி நாலு அடி. எழுதிக்கோங்க"ன்னேன். பெறகு ஊர்ப்பக்கம் திரும்பினேன். "அடுத்து யாரு? மகாராசன், உன் வாழை போர்? சுப்புக்குட்டி அண்ணன், உங்களது? அன்னைக்கு என்ன எழுதச் சொன்னீங்க?" ஒவ்வொருத்தரா பேரைச் சொல்லிக் கேட்டேன். சிலபேர் ஏசினாவ, சிலபேர் தலையைக் குனிஞ்சுக்கிட்டுக் கிளம்பிட்டாவ. கேட்டிருக்க வேண்டாம்னு இப்பவும் எங்க வீட்டுக்காரவுக சொல்லுதாவ. ஏன் வேண்டாம்? நான் ஒருத்தி மட்டும் பொய்க்காரியா நிக்கணுமா?

அஞ்சு நாள்ல வேற ஆள் வச்சு முப்பத்தேழையும் அளந்தாவ. இருவத்தொம்பதுல தண்ணி. மேப்பைத் திருத்தினாவ. அந்து போன கோடு இப்பம் எங்க ஊரு வழியா நீலமா ஓடுது. காலனிக்கு உத்தரவு மறுபடி வந்து, எங்க வரப்பை ஒட்டின புறம்போக்குல வண்டி வந்து போர் போட்டுது. நான் போய் நின்னு பாத்தேன். நூத்தி எழுபது அடியில ஊத்துத் தட்டி, சேறும் தண்ணியுமா ஆள் உயரத்துக்குப் பீச்சுச்சு. பிள்ளைக நனைஞ்சுக்கிட்டு ஆடுது. பேச்சிக்கனி அங்கன நின்னா. கை கூடிட்டுது, ஆனா முழுசா மடக்க வரல. நான் பக்கத்துல போனேன். ஏதாவது சொல்லுவான்னு நெனச்சேன். நன்றின்னு சொல்லட்டும்னு இல்ல, ஏதாவது. அவ தண்ணியைப் பாத்துக்கிட்டே, "ரெண்டு வருசம் அக்கா"ன்னா. அவ்வளவுதான். எனக்குக் கோவம் வந்துட்டுது. நான் இத்தனை பேரைப் பகைச்சது யாருக்காக? வீட்டுக்கு வந்து கூட ரொம்ப நேரம் புலம்பினேன். எங்க வீட்டுக்காரவுக கேட்டுக்கிட்டே இருந்துட்டு, "அவ கணக்கு சரிதான"ன்னாவ. அவுக பேச ஆரம்பிச்சதே தப்பாப் போச்சு.

பெரியத்தான் சொன்னபடி வயலைக் கூறுபோட்டுட்டாரு. மேட்டுப் பங்கு எங்களுக்கு. போர் அவரு பங்குல. எங்களுக்கு இப்பம் மானாவாரிதான், போன வருசம் சோளம் போட்டோம். விளைஞ்சுது, ஒண்ணும் குறைஞ்சு போகல.

வேலையிலயிருந்து என்னை எடுத்துட்டாவ. ஜெபசிங் சார்தான் வீட்டுக்கு வந்து டேப்பையும் கருவியையும் வாங்கிட்டுப் போனாவ. வாசல்ல நின்னுக்கிட்டே, "நீங்க பொய் எழுதினதைக் கூட மறந்துருவேன்மா. முப்பத்தேழு பாரமும் அவ்வளவு அழகா இருந்துது. ஒண்ணுல கூட சந்தேகமா ஒரு கோடு இல்ல. இனிமே சுத்தமான பாரத்தைப் பாத்தாலே எனக்குப் பயமா இருக்கு"ன்னாவ. காப்பி குடிச்சுட்டுப் போங்கன்னேன். குடிக்கல.

இப்பம் மறுபடி அளக்கப் போறாவளாம், மழைக்கு முன்ன ஒரு தடவை, பின்ன ஒரு தடவை. புதுசா ஆள் எடுக்காவ. எங்க பக்கத்துக்கு ஒரு பிள்ளையைப் போட்டிருக்காவ, இங்கிலீஷ் எல்லாம் நல்லா பேசுதாம். பேசட்டும். போன வாரம் அது எங்க தெரு வழியா போச்சு. ஒருத்தன் மூடியைத் திறக்காம "தண்ணி நிறைய இருக்கு, நூறு அடிதான்"னு சொல்லுதான். இப்பம் நீலத்துக்குத்தான கடன் குடுக்காவ! அது தலையை ஆட்டிக்கிட்டு எழுதுது. சுத்தமா எழுதுது. எனக்குப் பத்திக்கிட்டு வந்துது. அன்னைக்கு ராத்திரியே இந்த மனுவை எழுதினேன்.

கலெக்டர்கிட்ட என்ன சொல்லுவேன்னா, ஐயா, எவன் போர் பொய் சொல்லும், எப்படிச் சொல்லும், கேக்குறவ எதுக்கு அதை எழுதுவா, இது மூணும் தெரிஞ்ச ஆள் இந்த மாவட்டத்துல நான் ஒருத்திதான். நம்ப வேண்டாம். கூட ஒரு ஆளைப் போடுங்க, மூடியைத் திறந்து போட்டோ எடுக்கச் சொல்லுங்க. 'அளக்க இயலவில்லை'ன்னு எழுதவும் இப்பம் எனக்குத் தெரியும். கையெழுத்து கொஞ்சம் கோணலா வேணும்னாலும் எழுதுதேன். ஆனா டேப்பைத் தாங்க.

தரமாட்டாவங்கீங்களா? தரலன்னா அடுத்த திங்கக்கிழமையும் வருவேன். அதுக்கு அடுத்ததும் வருவேன்.

உங்களுக்கு எந்த ஊரு அண்ணாச்சி? அட, அது எங்க பதினாலுல ஒண்ணுல்லா! தெக்குத் தெருவா, ஓடைக்கரையா? ஓடைக்கரைன்னா போர் இருக்குமே. எத்தனை அடியில தண்ணி?

பாத்தீங்களா, யோசிக்கீங்க.

சரி, எந்திரிங்க. நூத்தி எழுபதைக் கூப்பிடுதாவ.